பம்பையில் வேட்டியை விடாதீர்கள், சாமிகளே

எண்ணூரில் மீன்பிடிக்கும் குடும்பம் எங்களுடையது. 22 வருடமாக மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறேன். கடைசி ஒன்பது வருடமாக எங்கள் குப்பத்துச் சாமிகளுக்கு நான்தான் குருசாமி. கார்த்திகை பிறந்துவிட்டால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருவுக்குத் தெரு சரணம் கேட்கும். இந்த வருடம் மாலை போடப்போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பம்பையில் துணியை விடாதீர்கள்.

எங்கள் குழு பெரிய பாதையில் போகும். எருமேலியிலிருந்து சன்னிதானம் வரை ஏறக்குறைய 45 கி.மீ. அந்த வழியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கடமை உண்டு. எருமேலியில் பேட்டை துள்ளி வாவர் பள்ளிவாசலை வணங்குகிறோம். பேரூர்த்தோடு, காளைகட்டி தாண்டி அழுதா நதியில் முங்கி, ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு மேடேறிக் கல்லிடும்குன்றில் போடுகிறோம். மகிஷியின் உடலைக் கல்லால் மூடிய இடம் என்பது ஐதீகம். போன வருடம் எங்களோடு வந்த பத்து வயதுக் கன்னிச்சாமி ஒருவன் அந்தக் கல்லைத் துண்டில் முடிந்து, ஏற்றம் முழுக்க இடக்கையால் நெஞ்சோடு பிடித்தபடியே வந்தான்.

இஞ்சிப்பாறை, முக்குழி, கரிமலை கடந்து இறங்கினால் பம்பை. முங்கிக் குளித்து, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, கணபதியைக் கும்பிட்டு நீலிமலை ஏற வேண்டும். அப்பாச்சிமேட்டில் மாவுருண்டை, சரங்குத்தியில் கன்னிச்சாமியின் சரக்கோல். துணி விடுவது இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. கோயில் ஆசாரம் இல்லை என்று தேவசம் போர்டு சொல்லிவருகிறது. கேரள உயர் நீதிமன்றம் தடையே போட்டிருக்கிறது. இருந்தும் நம் ஊர்ச் சாமிகள் விடுகிறார்கள். பழைய துணியோடு பாவமும் போய்விடும் என்று யாரோ சொன்னதை, இன்னொருவர் செய்வதைப் பார்த்துச் செய்கிறோம்.

போன வருடம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது, மேலே யாரோ விட்ட வேட்டி வந்து என் காலைச் சுற்றியது. உதறினேன், அவிழவில்லை. குனிந்து கையால் எடுத்தேன். அந்த நிமிடம் எனக்கு எங்கள் ஆறுதான் ஞாபகம் வந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்தது. அப்போது நாங்கள் மாலையில் இருந்தோம். விரத வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படகில் நின்று வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினோம். வலைக்கண்கள் அடைத்துப்போயின. இறகெல்லாம் ஒட்டிய கூழைக்கடா ஒன்று பறக்க முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தது. ஆற்றில் முங்கிச் சரணம் சொல்வது எங்கள் வழக்கம். அந்த விரதத்தில் அது நின்றுபோனது. வீட்டு வாசலில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டோம்.

எங்கள் ஆற்றைக் கெடுத்தவர்களிடம் நியாயம் கேட்டுத் தெருவில் நின்றோம். அப்படிக் கேட்கும் நாம், அடுத்தவர் ஆற்றில் துணியை விடலாமா? பம்பை 176 கி.மீ. ஓடுகிறது. ரான்னி, கோழஞ்சேரி, ஆறன்முளை, செங்கன்னூர், குட்டநாடு என்று போய் வேம்பநாட்டுக் காயலில் சேர்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் வலை போட்டுப் பிழைக்கிறவர்களும் எங்களைப் போன்றவர்களே.

இருமுடியும் அப்படித்தான். இப்போது கடையில் பூஜைச் சாமான் 'செட்' என்று வாங்குகிறோம். கற்பூரம் ஒரு பிளாஸ்டிக் உறை, மஞ்சள்பொடி ஒரு உறை, பன்னீருக்கு ஒரு பாட்டில். எல்லாம் புலிகள் காப்பகக் காட்டில்தான் விழுகிறது. உப்பும் இனிப்பும் ஒட்டிய உறையை மிளா தின்னும், யானையும் தின்னும். பன்னீர், ஊதுபத்தி, கற்பூரம் போன்றவை இருமுடியில் வேண்டாம் என்று 2024 சீசனுக்கு முன்பு சபரிமலை தந்திரியே சொல்லிவிட்டார். எங்கள் குழுவில் மஞ்சளையும் விபூதியையும் காகிதத்தில் மடிக்கிறோம், அரிசியைத் துணிப்பையில் கட்டுகிறோம். நெய்த் தேங்காய்க்கு எந்தக் குறையும் வரவில்லை.

குருசாமிமார்களே, இது நம் பொறுப்பு. மாலை போடுகிற அன்றே சொல்லிவிடுங்கள். கன்னிச்சாமி நாம் சொல்வதைத்தான் வேதமாக எடுத்துக்கொள்வான்.

கல்லை நெஞ்சோடு பிடித்து வந்த அந்தப் பையன் பம்பையில் என்னைக் கேட்டான், "சாமி, நானும் வேட்டியை விடணுமா?" வேண்டாம் சாமி, பிழிந்து பையில் வை என்றேன். இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். ஊர் திரும்பியதும் அவன் அம்மா அதைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார். இந்தக் கார்த்திகைக்கு அவனுக்கு அதே வேட்டிதான்.