மூன்று டெராபைட் சுவடியும் ஒரு விமானப் பெட்டியும்

போன ஜனவரியில் நண்பன் ஒருவன் ஹாம்பர்க் போனான். பெட்டியில் அவன் அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், இரண்டு ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்திருந்தது என்னுடைய ஹார்ட் டிஸ்க். நான்கு வருடம் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்த ஓலைச்சுவடிகள் அதில் இருந்தன. ஏட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 60 எம்பி. நூறு ஏடு கொண்ட ஒரு கட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 12 ஜிபி. அப்படி 250 கட்டு. மொத்தம் மூன்று டெராபைட்.

"கஸ்டம்ஸ்ல கேட்டா என்னடா சொல்றது?" என்றான். "வைத்தியச் சுவடின்னு சொல்லு" என்றேன். பாதி உண்மைதான்.

இன்டர்நெட்டில் அனுப்பவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வளாகத்தில் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. திறப்பு விழாவில் சால்வையெல்லாம் போர்த்தினார்கள். அந்த வேகம் அப்படியே கிடைத்தால் மூன்று டெராபைட் ஏழு மணி நேரத்தில் போய்விடும். என் மேசையிலிருந்து ஹாம்பர்க்குக்கு எனக்குக் கிடைத்ததோ 8 எம்பிபிஎஸ். கணக்குப் போட்டால் கரண்ட் போகாமல் 34 நாள். எங்கள் ஊரில் கரண்ட் போகாமல் 34 நாள்!

இதைப் புலம்பலாக எழுதவில்லை. எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததால் வந்த கோபத்தில் எழுதுகிறேன்.

கடலில் அடைப்பில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-லேயே ஐ-டூ-ஐ கேபிள் வந்துவிட்டது. 2004-ல் இன்னொன்று. நாட்டின் ஆய்வு நிறுவனங்களையெல்லாம் இணைக்க 2010-ல் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அரசு 5,990 கோடி ஒதுக்கியது. பத்து வருடத்துக்கான தொகை. அது வீண் என்று நான் சொல்லமாட்டேன். மும்பை டாட்டா ஆய்வு நிறுவனமும் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையமும் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத் தரவை இங்கே வாங்கி அலசுகின்றன. உலகளாவிய கணினிக் கூட்டமைப்பில் அவை இரண்டாம் அடுக்கு மையங்கள். வாக்குக் கொடுத்த வேகம் குறைந்தால் ஜெனீவாவிலிருந்து கேள்வி வரும். கேள்வி வரும் இடத்தில் வேலையும் நடக்கிறது. என் 8 எம்பிபிஎஸ்ஸைப் பற்றி யார் கேட்பார்கள்?

அதே காலத்தில் மனிதவள அமைச்சகம் கல்வி நிலையங்களை இணைத்தபோது பல்கலைக்கழகத்துக்கு 1 ஜிபிபிஎஸ், கல்லூரிகளுக்கு 512 கேபிபிஎஸ் இணைப்புகள் சில என்று பிரித்துக் கொடுத்தது. ஒரே பந்திதான், கடைசி இலைக்குப் போகும்போது சாம்பாரில் காய் இருக்காது.

"ஆர்ட்ஸ் காலேஜுக்கு எதுக்கு சார் அவ்ளோ ஸ்பீடு? பசங்க ரீல்ஸ்தான் பார்ப்பாங்க." ஒரு கூட்டத்தில் என் முகத்துக்கு நேரே இதைச் சொன்னார்கள். பார்ப்பார்கள்தான். அதைச் சொந்தக் காசில், சொந்த போனில் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்பது வேறு.

தரவு சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒன்று தொலைந்தால் அனுப்பும் கணினி வேகத்தைச் சடாரென்று குறைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். ஒவ்வொரு முறை கூட்டவும் அந்தப் பக்கத்திலிருந்து 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வேண்டும். பக்கத்து ஊர் என்றால் பதில் உடனே வரும், தொலைந்ததே தெரியாது. ஐரோப்பா என்றால் போய்வர ஏறக்குறைய 150 மில்லிவினாடி ஆகும். அதற்குள் அடுத்தது தொலையும். வேகம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அமெரிக்காவின் எஸ்நெட் ஆய்வு வலையமைப்பு ஒரு பழுதான அட்டையைக் கண்டுபிடித்தது. அது தொலைத்தது 22,000 பாக்கெட்டுக்கு ஒன்று. அவ்வளவுதான். தொலைதூர இணைப்புகள் அதிலேயே படுத்துவிட்டன. எங்கள் வளாகத்தில் விடுதி, அலுவலகம், ஆய்வகம் எல்லாம் ஒரே பழைய ஃபயர்வால் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு அது எத்தனை பாக்கெட்டைத் தின்கிறது என்று எண்ணிப் பார்க்கவே ஆளில்லை.

இதற்குத் தீர்வையும் எஸ்நெட்காரர்களே எழுதிவைத்தார்கள். ஆய்வுத் தரவுக்கு மட்டும் வளாக ஃபயர்வாலுக்கு வெளியே தனி வாசல், அதற்கென்று பாதுகாப்பு விதி, ஒரு நல்ல சர்வர், இழப்பை அளக்க ஒரு கருவி. ஒரு செமினார் ஹாலுக்கு ஏசி போடும் செலவு ஆகும். கூடவே இதைத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் பணியிடம் இல்லை. எங்களிடம் இருக்கும் தம்பி ஒப்பந்த ஊழியர். பிரிண்டரும் அவர்தான், பயோமெட்ரிக்கும் அவர்தான், விழா மேடையில் மைக்கும் அவர்தான்.

கருந்துளையைப் படம்பிடித்தவர்களே தரவை டிஸ்க்கில்தானே விமானமேற்றினார்கள் என்று ஒரு பேராசிரியர் என்னை மடக்கப் பார்த்தார். உண்மைதான். 2017-ல் தென்துருவத்தில் பதிவான டிஸ்க்குகள் பனிக்காலம் முடியும்வரை அங்கேயே காத்துக் கிடந்தன. ஆனால் அது அண்டார்டிகா, ஐயா. அவர்கள் அனுப்பியதும் பெட்டாபைட் கணக்கில்.

எனக்கு உண்மையிலேயே எரிவது வேறொரு கணக்கு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை 6,000 கோடி ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். நானும் படிக்கிறேன், சந்தோஷம். ஆனால் பத்து வருட வலையமைப்புக்கு ஒதுக்கியதைவிடக் கூடுதலான தொகையை மூன்றே வருடத்தில் வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படிக்கக் கொடுக்கிறோம். அந்தக் கட்டுரையை எழுதத் தேவையான தரவு இங்கிருந்து வெளியே போக வழி கேட்டால், "எதுக்கு சார்?" நாம் படிக்கப் பிறந்தவர்கள், எழுதுகிறவன் வேறெங்கோ இருக்கிறான் என்ற நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது. இலக்கியம் பேசும் நாமும் இதில் சளைத்தவர்களில்லை. சுவடி அழிகிறதே என்று ஸ்டேட்டஸ் போடுவோம். அதைப் படமெடுத்தவன் எந்த ஒயரில் அனுப்புவான் என்று கேட்டால், அது டெக்னிக்கல் சமாச்சாரம்.

தென்னமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இப்படி உட்கார்ந்திருக்கவில்லை. ஐரோப்பாவுக்கான அவர்களுடைய தரவு பெரும்பாலும் அமெரிக்காவைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தது. அங்குள்ள ஆய்வு வலையமைப்புகள் ஐரோப்பியர்களோடு சேர்ந்து, பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவிலிருந்து போர்ச்சுகலின் சீனெஸ் வரை போடப்பட்ட எல்லாலிங்க் கடலடிக் கேபிளில் 25 வருடத்துக்குத் தங்கள் பங்கை உறுதிசெய்துகொண்டன. 2021-ல் அது இயங்கத் தொடங்கியது. பிரேசிலும் வளரும் நாடுதான். நம் துணைவேந்தர்கள் யாரும் கடலடிக் கேபிளில் பங்கு வேண்டும் என்று மேடையேறிப் பேசி நான் கேட்டதில்லை. நாக் தர மதிப்பீடு பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன்.

டிஸ்க் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மூடியில் கொஞ்சம் ஊறுகாய் எண்ணெய் பட்டிருந்ததாம். அங்கே அதைத் திறந்து நகலெடுத்தவர்கள், சில கட்டுகளை வேறு வெளிச்சத்தில் மறுபடி எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். எடுத்துவிட்டேன். 400 ஜிபி. இங்கிருந்து பெர்லினுக்குப் படிக்கப்போகும் ஒரு பையனிடம், பெட்டியில் அரைக் கிலோ இடம் இருக்குமா தம்பி என்று கேட்டு வைத்திருக்கிறேன்.