திரை வாங்குமுன் ஒரு வார்த்தை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இப்போது ஒரே குரல் கேட்கிறது: "ஸ்மார்ட் போர்டு வாங்கிவிட்டால் போதும்." நண்டும் இறாலும் விற்ற காசிலிருந்து நன்கொடை தரும் நல்லுள்ளங்களை நாம் குறை கூறவில்லை. "போதும்" என்ற சொல்லைத்தான் மறுக்கிறோம். நாம் கண்ட ஒரு வகுப்பறையில் அத்திரை உறை கழற்றப்படாமலே உப்புக்காற்றில் கிடந்தது. அதை இயக்க அங்கிருந்தோர் எவருக்கும் கற்றுத் தரப்படவில்லை.

கொரோனாக் காலத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடம் கொண்டுவந்தது, நல்ல முயற்சியே. ஆயினும் முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை ஏறத்தாழ 19 மாதங்கள் வகுப்பறையைக் காணவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய அரசுக்கு மனிதர்களே தேவைப்பட்டனர். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் குடியிருப்புகளுக்கே வந்தனர். தொலைக்காட்சி பேசியது, பிள்ளை வாசித்ததைக் கேட்க அதற்குச் செவியில்லை.

மக்தபில் ஓதியோர்க்கு இது புதிதன்று. ஐனும் அலிஃபும் காரியின் ஒலிப்பதிவில் அழகாகவே ஒலிக்கும். நம் பிள்ளையின் தொண்டையில் அந்த எழுத்து எங்கே தவறுகிறது என்று எதிரே அமர்ந்து திருத்துபவர் உஸ்தாது.

இதைப் படித்து, "மதரஸாவுக்குள் கைப்பேசியே நுழையக் கூடாது" என்னும் பெரியவர்கள் மகிழ வேண்டா. அவர்களோடும் நமக்கு வழக்குண்டு. நம் ஊர்ப் பள்ளிவாசலில் நிழற்கடிகாரம் இருக்கிறதே, அதுவும் கருவிதானே? தொழுகை நேரம் எது என்ற கேள்வி முன்னே நின்றது. கருவி பின்னே வந்தது. (நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதனருகே நின்று பார்த்திருப்பர் என்பது தனி வருத்தம்.)

முற்றத்தில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் நேரத்தைப் பிள்ளைகள் குறிக்கட்டும். பிறகு கைப்பேசிச் செயலி காட்டும் ளுஹர் நேரத்தோடு ஒப்பிடட்டும். பெரும்பாலான நாட்களில் உச்சிப்பொழுது சரியாக 12 மணிக்கு வராது. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம் என்பது அங்கே பாடமாகும். அவ்வாறே முகத்துவாரத்தின் செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகத் திரையில் காட்டி, மணல் எங்கே மூடியது என்று வினவுங்கள். தந்தையோடு சேர்ந்து படகைத் தள்ளிய பிள்ளை ஆசிரியருக்கே விளக்கம் சொல்லுவான். இதற்கு ஒரு திரை வேண்டும்தான், நாம் மறுக்கவில்லை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நம் வேண்டுகோள்: விலைப்பட்டியலைக் கூட்டத்தில் வைக்குமுன், அத்திரையைக் கொண்டு முதல் மாதம் நடத்தவிருக்கும் பாடங்களை ஆசிரியர்களிடம் எழுதி வாங்குங்கள். பழுதானால் யார் பார்ப்பது, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும். அத்தாள் வெறுமையாக வருமானால், அதே பணத்தில் மாலைதோறும் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்க ஒருவரை அமர்த்துங்கள். உஸ்தாது ஒருவர் இதைச் சொல்வது சுயநலமாகத் தோன்றலாம், தோன்றட்டும்.