முகவரியில் தொங்கும் சாவி



வேவு பார்க்குமென அஞ்சி, உலாவியில் குக்கியை முற்றாக முடக்குவோர் உளர். அச்சம் நியாயமானதே, மருந்துதான் பொருந்தவில்லை என்பேன்.

இணைய நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் வழங்கி நம்மைப் புதியவராகவே காண்கிறது. அக்குறை தீர்க்கவே 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி குக்கியை உருவாக்கினார். அதனை முடக்கினால், சில தளங்கள் மாணவரின் அமர்வு எண்ணைப் பக்க முகவரியிலேயே ஒட்டிவிடும். அம்முகவரியைப் புலனக் குழுவில் பகிர்ந்தால், அமர்வு முடியும்வரை, சொடுக்குபவர் அம்மாணவராகவே உள்நுழைய இயலும். விடைகளும் மதிப்பெண்களும் பிறர் கைக்குப் போய்விடும்.

பிஎச்பி மொழியே 2024இல் வெளிவந்த 8.4ஆம் பதிப்பில் இம்முறையைக் கைவிடத்தக்கதென அறிவித்துவிட்டது. அத்தகைய தளங்களைப் பள்ளிகளும் ஏற்கலாகாது என்பதே என் கருத்து.

பெற்றோர்களே, மூன்றாம் தரப்புக் குக்கிகளை மட்டும் தடுங்கள். பயிலும் தளத்தின் குக்கியை அனுமதியுங்கள். இணைப்பைப் பகிருமுன் முகவரியின் இறுதியில் நீண்ட எண்ணெழுத்துக் கோவை உள்ளதா எனப் பாருங்கள், இருப்பின் பகிராதீர்கள். பயின்று முடித்ததும் பிள்ளைகளை முறையாக வெளியேறச் சொல்லுங்கள்.

கடவுச்சொல் எத்துணை வலிதாயினும், சாவி வாசலில் தொங்கினால் பூட்டினால் பயனென்ன?