இனாம் என்றால் இனாம்தானா?

கோடை வந்துவிட்டால் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள். பானை நிறையக் குளிர்ந்த நீர் இருக்கும். யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். ஓர் ஓரத்தில் உண்டியல் இருக்கும். இஷ்டப்பட்டவர் காசு போடலாம். இல்லாதவர் தாகம் தீர்த்துக்கொண்டு போகலாம்.

அதே தெருவில் இன்னொரு பந்தல். அங்கும் "இனாம்" என்று பலகை தொங்குகிறது. ஆனால் தண்ணீர் குடிக்கக் குனிகிறவரின் சட்டைப் பையைப் பின்னால் நின்று ஒருவர் துழாவுகிறார்!

பலகை ஒன்றுதான். உள்ளே நடக்கும் காரியம்தான் வேறு.

கம்ப்யூட்டர் உலகிலும் இந்த இரண்டு பந்தல்களும் இருக்கின்றன.

கம்ப்யூட்டரும் கைபேசியும் வெறும் இயந்திரங்கள். "இன்னதைச் செய்" என்று அவற்றுக்கு எழுதி வைத்த கட்டளைகளுக்கு மென்பொருள் என்று பெயர். கடிதம் அனுப்ப ஒன்று, கணக்குப் போட ஒன்று, படம் பார்க்க ஒன்று என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பல இனாமாகவே கிடைக்கின்றன.

அவற்றை எழுதுகிறவர்கள் யார்? அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

ஒரு தனி மனிதர்

ஜெர்மனியில் வெர்னர் கோக் என்று ஒருவர். 1997-ம் ஆண்டு அவர் "ஜி.பி.ஜி." என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அது கடிதத்துக்குப் போடும் பூட்டு. இன்டர்நெட்டில் போகும் கடிதத்தை, உரியவர் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி அது மாற்றிவிடும். பத்திரிகை நிருபர்களும், உயிருக்கு அஞ்சி ரகசியமாகச் செய்தி அனுப்புகிறவர்களும் அதை நம்பினார்கள்.

உலகம் நம்பிய அந்தப் பூட்டை, பெரும்பாலும் தனி ஒருவராகவே கோக் பராமரித்து வந்தார். விலை எதுவும் இல்லை. 2001-க்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்குச் சராசரி 25 ஆயிரம் டாலர். திறமைசாலியான ஒரு மென்பொருள் நிபுணருக்கு அந்த நாட்டில் இது மிகக் குறைந்த வருமானம். மனைவியும் குழந்தையும் உள்ள குடும்பஸ்தர். 2013-ல் தொழிலையே விட்டுவிடலாமா என்று கூட யோசித்தார்.

2015 பிப்ரவரியில் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் அவருடைய நிலையை வெளியிட்டது. உடனே நன்கொடை குவிந்தது! பேஸ்புக், ஸ்டிரைப் ஆகிய இரு கம்பெனிகளும் ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலர் வீதம் தருவதாக அறிவித்தன.

நல்லதுதான். ஆனால் பானை காய்ந்து போகிறது என்று செய்தி வந்த பிறகுதான், இத்தனை காலம் தண்ணீர் குடித்தவர்களுக்கு உண்டியல் கண்ணில் பட்டது!

காவல்காரன் விற்ற கதை

இப்போது அடுத்த பந்தலைப் பார்க்கலாம்.

அவாஸ்ட் என்று ஒரு கம்பெனி. கம்ப்யூட்டருக்குக் கேடு செய்யும் வைரஸ்களைத் தடுக்கும் மென்பொருளை அது வழங்கியது. கோடிக்கணக்கானோர் அதை இனாமாகப் பெற்றுப் பயன்படுத்தினர். வீட்டு வாசலில் காவல்காரன் நிற்கிறான் என்று நிம்மதியாக இருந்தனர்.

ஆனால் யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார், எதைத் தேடுகிறார் என்ற விவரங்களைத் திரட்டி, 2014 முதல் 2020 வரை துணைக் கம்பெனி மூலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது விற்றது என்று அமெரிக்க சர்க்காரின் மத்திய வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. பின்தொடர்ந்து வேவு பார்ப்பவர்களிடமிருந்து காப்பாற்றுவோம் என்று சொன்னவர்களே இப்படிச் செய்தார்கள் என்பதுதான் கமிஷனின் புகார்.

2024-ல் வழக்கு முடிந்தது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவில்லை என்று கம்பெனி கூறியது. ஆனாலும் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. விளம்பரத்துக்காக அத்தகைய விவரங்களை விற்கவும் அதற்குத் தடை விதிக்கப்பட்டது.

அங்கே விலை இல்லாமல் இல்லை. பலகையில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

உண்டியலும் போதும்

"நன்கொடையை நம்பிப் பிழைக்க முடியுமா?" என்று கேட்கலாம். முடியும் என்பதற்கு அத்தாட்சிகள் உண்டு.

தண்டர்பேர்ட் என்பது மின்னஞ்சல் படிக்கவும் அனுப்பவும் உதவும் மென்பொருள். ஒரு காலத்தில் அது நலிந்து கிடந்தது. பிறகு, "எங்களுக்கு வருமானம் உங்கள் நன்கொடைதான்" என்று பயன்படுத்துகிறவர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2022-ல் மட்டும் சுமார் 64 லட்சம் டாலர் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு சிறு பகுதியினரே. அதுவே போதுமானதாக இருந்தது.

படம் பார்க்க உதவும் வி.எல்.சி. பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் தொடங்கியது. 2025 ஜனவரிக்குள் 600 கோடி முறைக்கு மேல் அது இறக்கிக் கொள்ளப்பட்டது. அதில் விளம்பரம் கிடையாது. விளம்பரம் சேர்த்தால் கோடிக்கணக்கில் பணம் தருவதாகப் பலர் முன்வந்தும், அதன் தலைவர் மறுத்துவிட்டார்.

ஒரு சொல், இரண்டு பொருள்

குழப்பத்துக்கு ஆங்கிலமும் ஒரு காரணம். இனாம், சுதந்திரம் ஆகிய இரண்டையும் அங்கே "ஃப்ரீ" என்ற ஒரே சொல்லால் சொல்கிறார்கள்.

1983-ல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைகளைத்தான் அவர் "ஃப்ரீ" என்றார். விலையைப் பற்றி அவர் பேசவில்லை.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. விலையில்லாதது இலவசம். உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். மேலே சொன்ன ஜி.பி.ஜி., தண்டர்பேர்ட், வி.எல்.சி. மூன்றும் கட்டற்றவை. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படித்துப் பார்க்கலாம் என்பதால், அங்கே திருட்டுத்தனத்தை ஒளித்து வைப்பது கடினம்.

மூன்று கேள்விகள்

விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பது குற்றமல்ல. ஒரு மாதம் சும்மா கொடுத்துவிட்டுப் பிறகு பணம் கேட்பதும் குற்றமல்ல. அதை முன்கூட்டியே, எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிட வேண்டும். மருந்துப் புட்டியில் உள்ளே இருப்பதை அச்சிடுவது போல, மென்பொருளிலும் அச்சிட வேண்டும்.

ஆகவே கைபேசியில் புதிதாக ஒன்றை ஏற்றும் முன், வீட்டில் உள்ளவர்கள் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது.

1. இதைச் செய்தவர் யார்?

2. அவருடைய செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

3. பதிலுக்கு நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்?

மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் தைரியமாக ஏற்றலாம். பதில் இல்லாவிட்டால், குழந்தைகள் எவ்வளவு அடம் பிடித்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம். நல்ல பொருளையும் அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குவதே உத்தமம். 2015-ல் படம் வரைய உதவும் "கிம்ப்" என்ற நல்ல மென்பொருளோடு, அதை வழங்கிய வேறொரு தளம் விளம்பரச் சரக்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. கிம்பைச் செய்தவர்கள் கண்டனம் தெரிவித்தார்கள்.

இன்னொரு கடமையும் உண்டு. தினமும் பயன்படுகிற மென்பொருள், "முடிந்தால் உதவுங்கள்" என்று கேட்டால், முகம் சுளிக்க வேண்டியதில்லை. கேட்பது உண்மையில் அவர்கள்தானா என்று பார்த்துக்கொண்டு, முடிந்ததைக் கொடுக்கலாம்.

வெளிப்படையாகக் கை நீட்டுகிறவர், பின்னால் நின்று பையைத் துழாவுவதில்லை. அவர் பானை வற்றாமல் இருந்தால்தான், மற்றப் பந்தலுக்குப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.