வாயில்லாப் பிள்ளை பிழைக்க வேண்டாமா?

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. உலகியல் அறிவு செறிந்த வாக்கு அது, ஐயமில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்குமெனில், வாயில்லாப் பிள்ளையின் கதி என்ன? பேச இயலாதவருக்கென வகுக்கப்பட்ட உதவியே, 'வாய் திறந்து கேள், தருகிறோம்' என்று அவரிடம் நிபந்தனை விதிக்குமானால், அதனை உதவி என்பதா, ஏளனம் என்பதா?

பூந்தமல்லி என்றவுடன் அங்குள்ள அரசு பார்வையற்றோர் பள்ளி நம் நினைவுக்கு வரும். வெண்கோல் ஏந்தி வரும் மாணவருக்குச் சாலையில் போவோர் வழிவிடுகின்றனர். நல்ல பழக்கம் அது. ஆனால் பேச்சிழந்தவர் கையில் எந்தக் கோலும் இல்லை. புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்ட அம்பத்தூர்த் தொழிலாளி கழுத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு நடக்கிறார். பக்கவாதத்தால் சொற்களை இழந்த ஆவடித் தாய், 'தண்ணீர்' என்று எண்ணி வேறேதோ சொல்லிவிட்டுக் கண்கலங்குகிறார். திக்குவாயுள்ள இளைஞர் நேர்முகத் தேர்வில் தம் பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறார். இம்மூவரையும் ஊர் எப்படி அழைக்கிறது? முதலாமவர் ஊமை, இரண்டாமவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, மூன்றாமவருக்குக் கூச்சம். எவருக்கும் ஊனம் இருப்பதாக ஊர் கருதுவதில்லை. 'கைகால் நன்றாகத்தானே இருக்கிறது!' என்பதே தீர்ப்பு.

ஊர் அளித்த இத்தீர்ப்பையே சட்டமும் நெடுங்காலம் வழிமொழிந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, இரு கைகளின் இழப்புக்கும் முழுச் செவிட்டுத்தன்மைக்கும் நூறு சதவீதம் என்று வரையறுத்தது. விரல்களின் இழப்பைக் கணுக்கணுவாக எண்ணிக் கணக்கிட்டது. பேச்சின் இழப்புக்கு அந்த அட்டவணையில் ஒரு வரியும் இல்லை. அட்டவணையில் அடங்காத காயங்களை மருத்துவர் தனியே மதிப்பிட இடமிருந்தது என்பது உண்மையே. எனினும் விரல்நுனிக்குக் கிடைத்த வரி நாவுக்குக் கிடைக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. அவ்வேழிலும் பேச்சுக் குறைபாடு இல்லை. 2010இல் தமிழக அரசு 'மாற்றுத்திறனாளி' என்னும் மதிப்பான பெயரை வழங்கியபோதும், காது கேட்கும் ஆனால் பேச இயலாத மனிதர் மத்தியச் சட்டத்தின் பட்டியலுக்கு வெளியேதான் நின்றார்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் கதவைத் திறந்தது. ஏழு இருபத்தொன்றாயிற்று, 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' முதன்முறையாகப் பெயர் பெற்றது. குரல்வளை அகற்றத்தையும், அஃபேசியா என்று மருத்துவர் கூறும் மொழியிழப்பையும் அது எடுத்துக்காட்டுகளாகச் சுட்டியது. மகிழ்ந்தோம். ஆனால் அதே சட்டத்தின் 34ஆம் பிரிவைப் படித்தால் மகிழ்ச்சி குன்றுகிறது. அரசுப் பணிகளில் நான்கு சதவீத இடஒதுக்கீடு யார் யாருக்கு என்று அங்கே வரிசை இடப்பட்டுள்ளது. பார்வைக் குறைபாடு உண்டு. செவிக் குறைபாடு உண்டு. உடலியக்கக் குறைபாடு உண்டு. அறிவுசார் குறைபாடும் மனநோயும் உண்டு. பேச்சுக் குறைபாடு மட்டும் தனித்து நின்றால் அதற்கு அங்கே இடமில்லை! முன்வாசலில் பெயரைக் கூவி அழைத்துவிட்டு, பந்தியில் இலை போடாமல் விடுவது எந்த ஊர் விருந்தோம்பல்? திக்குவாய்க்கோ, சட்டத்தின் விளக்கத்தில் பெயரே இல்லை. உடலுறுப்பு அல்லது நரம்புக் காரணம் உண்டென்று நிறுவும் சுமை அவ்விளைஞரின் தலைமேல் வைக்கப்பட்டுள்ளது.

அடுத்தது அளவுகோல். நாற்பது சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு உரிமை. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கோ எண்பது சதவீதமும் வறுமைக்கோடும் தேவை. தமிழக அரசு 2023 ஜனவரியில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை ஆயிரத்திலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது, பாராட்டுகிறோம். ஆனால் உயர்ந்த தொகை வாசலைக் கடந்தவருக்குத்தான் உதவும். வாசலிலே நிற்பது சதவீதம்.

அந்தச் சதவீதம் எவ்வாறு பிறக்கிறது? மருத்துவமனையின் அமைதியான அறையில், பயிற்சி பெற்ற ஒருவர் பொறுமையுடன் எதிரே அமர்ந்து, பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்று தரமிடுகிறார். அவர் தம் கடமையைச் செவ்வனே செய்கிறார். அவரைக் குறை கூறவில்லை. ஆனால் வாழ்க்கை அந்த அறையிலா நடக்கிறது? நியாயவிலைக் கடையின் நெரிசலில், இயந்திரங்கள் இரையும் லேத் பட்டறையில், 'சீக்கிரம் சொல்லுய்யா' என்று நடத்துநர் விரட்டும் பேருந்தில் நடக்கிறது. அறையில் பாதி விளங்கும் பேச்சு, அங்கே முற்றும் விளங்காது. திக்குதலோ நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் மாறுவது. ஒரு காலை வேளையின் அளவை ஆயுள் முழுமைக்கும் அளவாகுமா?

இவ்வளவுகோலின் முரண்பாட்டை உச்சநீதிமன்றமே 2024இல் சந்தித்தது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு நாற்பது சதவீதத்துக்கு மேல் உள்ள மகாராஷ்டிர மாணவர் ஒருவர் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தார். விதியோ விசித்திரமானது: நாற்பதுக்குக் குறைந்தால் ஒதுக்கீடு இல்லை, நாற்பதை எட்டினால் படிப்பே இல்லை! எண்ணை மட்டும் காட்டி எவரையும் ஒதுக்கலாகாது, அம்மாணவரால் படிப்பைத் தொடர இயலுமா என்பதை வாரியம் ஆராய்ந்து காரணத்துடன் கூறவேண்டும் என்று அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று நீதிமன்றம் விளக்கமளித்தது. நாம் கேட்பதும் இதுவே. இடம் மறுப்பதற்கு எண் போதாதெனில், உதவி மறுப்பதற்கு மட்டும் எண் போதுமா?

'இப்படித் தளர்த்தினால் போலிகள் புகுந்துவிடுவர்' என்பார் உளர். குரல்வளை நீக்கிய கழுத்தின் துளையை எவர் போலியாகச் செய்துகொள்வார்? பக்கவாதத்தின் தடம் மூளையின் படத்தில் தெரியாதா? திக்குவாயரைப் பல நாள் பார்த்த ஆசிரியரும் உடன் உழைப்போரும் சாட்சி சொல்லமாட்டார்களா? பத்துப் போலிகளுக்கு அஞ்சி நூறு உண்மைகளை வெயிலில் நிறுத்துவதைக் கண்டிப்பு என்று சொல்லலாம்; நீதி என்று சொல்ல இயலாது.

பேச்சு என்பது ஒலி மட்டுமன்று என்பதைத் திருச்சபை அறியும். திருமண ஒப்புதலைச் சொல்லால் தரவேண்டும், பேச இயலாதோர் அதற்கு நிகரான சைகையால் தரலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1104ஆம் சட்டம். வாழ்நாள் முழுதும் பிணைக்கும் ஒப்புதலுக்குச் சைகை போதும். வட்டாட்சியர் அலுவலக விண்ணப்பத்துக்குப் போதாதா? நாவிழந்த செக்கரியா ஒரு பலகையைக் கேட்டு வாங்கி எழுதினார். உறவினரின் வாதம் அத்துடன் முடிந்தது. திக்கிப் பேசிய காதுகேளாதவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, விரலாலும் தொடுதலாலும் அவரோடு உறவாடிய பின்னரே 'எப்பத்தா' என்றார். 2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழாவன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாளரத்தருகே வந்து பேச முயன்றார், குரல் எழவில்லை, கையால் சிலுவை வரைந்தார். அந்த ஆசீர் குறைவுபட்டது என்று சொல்லத் துணிபவர் யார்?

ஆகவே நாம் கோருவன தெளிவானவை. பேச்சுக் குறைபாட்டை 34ஆம் பிரிவில் சேர்க்க வேண்டும். மருத்துவ வாரியம் அறைச் சோதனையோடு நில்லாமல், உடன் வாழ்வோரின் எழுத்துச் சாட்சியத்தையும் ஏற்கவேண்டும். அலுவலகங்களில் எழுதிக் காட்டவும், படம் தொட்டுக் காட்டவும் வழி வேண்டும். சைகைகளையும் எழுத்தையும் தகவல் தொடர்பாகவே இச்சட்டம் ஏற்கிறது என்பதை அலுவலர் மறக்கலாகாது.

அதுவரை நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2018இல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில் இணைந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரில் உள்ளன. எந்த வாரியம் யாருக்கு என்பதை அறிந்து உடன் செல்லுங்கள். மறுக்கப்பட்டால் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. அதனை எழுதிக் கொடுங்கள். ஆனால் அவர் தலைக்கு மேலாக, 'இவருக்கு என்ன வேண்டும்?' என்று அலுவலர் உங்களைக் கேட்டால் விடை சொல்லாதீர்கள். தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். எத்தனை நேரமானாலும் வரிசை காத்திருக்கட்டும்.