சீட்டும் சிந்தனையும்

சீட்டு என்றதும் பெரியோர் முகஞ்சுளிப்பது இயல்பே. பணம் வைத்தாடி அழிந்த குடும்பங்கள் அநேகம். ஆயினும், கணித நிபுணர் ரிச்சர்டு கார்ஃபீல்டு அமைத்து 1993-இல் வெளிவந்த 'மேஜிக்', 1996-இல் ஜப்பானில் தோன்றிய 'போக்கிமான்' முதலிய சேகரிப்புச் சீட்டாட்டங்கள் வேறு வகையின. ஆடுபவன் தன் கட்டைத் தானே அமைக்க வேண்டும்.

மேஜிக்கில் சாதாரணமாகக் கட்டுக்குக் குறைந்தது 60 சீட்டு; அடிப்படை நிலச்சீட்டு நீங்கலாக ஒரே சீட்டு நான்குக்கு மேல் கூடாது. மற்றச் சீட்டுகளை இறக்கும் சக்தியை நிலமே தருவதால், ஏறக்குறைய 24 நிலம் வைப்பது வழக்கம். அது குறைந்தால் கையில் எத்தகைய வீரன் இருந்தும் பயனில்லை. சின்னாளப்பட்டி நெசவாளர் பாவின் இழைக்கணக்கு அறியாமல் தறியில் அமர்வதுண்டோ? இதுவும் அத்தகைய கணக்கே.

தீமை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளிருப்பது தெரியாத பொட்டலங்களை, அபூர்வச் சீட்டு கிட்டுமென்று மேன்மேலும் வாங்குவது லாட்டரியன்றி வேறன்று.

ஆகவே, நண்பர் இருவர் ஆளுக்கோர் ஆயத்தக் கட்டுடன் தொடங்கட்டும். தோல்வியின் காரணத்தை ஆராய்ந்து, வேண்டிய சீட்டை மட்டும் விலைக்கோ மாற்றுக்கோ பெறட்டும். பெற்றோர் தடுக்க வேண்டியது ஆட்டத்தை அன்று, பொட்டல மோகத்தையே. யோசித்துத் தோற்கக் கற்கும் வாலிபன், அதிர்ஷ்டத்தை நம்பி ஒருநாளும் ஏமாறான்.