காட்சியும் ஒலியும் ஓரிடத்தே வெட்டப்படல் வேண்டுமோ?

நம் மாணவர் பலர் இக்காலத்தில் கைப்பேசியாலும் சிறு காமிராவாலும் குறும்படங்கள் எடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் தாமே தொகுத்தும் வருகின்றனர். அவற்றுட் சிலவற்றைக் கண்ணுறும் வாய்ப்பு எமக்குக் கிடைத்ததுண்டு. கதை நன்று, நடிப்பும் குறை சொல்லுதற்கில்லை, ஆயினும் இருவர் உரையாடுமிடம் வந்தவுடன் படம் நொண்டத் தொடங்குகின்றது. ஒருவர் பேசி வாய் மூடுகின்றார், காட்சி மாறுகின்றது. மற்றவர் வாய் திறந்து பேசி முடிக்கின்றார். மீண்டும் காட்சி மாறுகின்றது. டென்னிஸ் ஆட்டம் பார்ப்பார் தலை இடமும் வலமும் திரும்புவதுபோல நம் கண்ணும் ஓயாது அலைகின்றது. இதற்குக் காரணம், காட்சியையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்டும் வழக்கமே என்பது எம் துணிபு.

தொகுப்பு மென்பொருள் எதுவாயினும், காட்சித் துண்டு மேலும் அதற்குரிய ஒலித் துண்டு கீழுமாக டைம்லைனில் கிடக்கும். வரப்போகும் காட்சியின் ஒலி, அக்காட்சி தோன்றுமுன்னரே முந்திய காட்சியின் அடியிற் புகுந்து கேட்குமாயின், அத்துண்டின் அடிப்பாகம் இடப்புறம் நீண்டு ஆங்கில ஜே எழுத்தை ஒத்திருக்கும். ஆதலின் அதனை ஜே கட் என்பர். காட்சி மாறிய பின்னரும் பழைய ஒலி கீழே தொடருமாயின் அது வலப்புறம் நீண்டு எல் எழுத்தின் வடிவுடையதாம்; அஃது எல் கட். இரண்டையும் சேர்த்துப் பிளவு வெட்டு எனக் கூறலாம். பெயர் அச்சுறுத்துமேயன்றிச் செயல் எளிது.

இஃது ஏன் இனிமை பயக்கின்றது? நாம் வாழ்க்கையிற் கேட்கும் முறையும் காணும் முறையும் இவ்வாறே அமைந்திருத்தலால் என்க. பலர் கூடியிருக்குமிடத்தில் ஒருவர் பேசத் தொடங்கிய பின்னரன்றோ நாம் அவர்பால் முகந் திருப்புகின்றோம்? அவர் வாய் திறக்குமுன் திரும்பி நோக்கியிருப்பார் எவருமிலர். சில வேளைகளில் திரும்புவதேயில்லை. அச்சொல்லைக் கேட்டவர் முகம் எவ்வாறு மாறுகின்றதென்பதையே நோக்கியிருக்கின்றோம். (இடியும் மின்னலும் இதற்கு மாறாயிற்றே என்று பௌதிக வகுப்பு மாணவர் எம்மை மடக்கலாம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லுதலின், வானத்தில் ஒளி முந்துகின்றது. வீட்டுக்குள் இருவர் உரையாடுமிடத்து அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று.) தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின் நின்று பாடி, அவன் குரல் அவையோர் செவியில் நன்கு ஊறிய பின்னரே திரை விலகுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். குரல் முன்னும் உருவம் பின்னுமாக வருவதன் சுவையை நம் ஊரார் மென்பொருளின் துணையின்றியே அறிந்திருந்தனர்.

பேசும் படங்களின் தொடக்க காலத்தில் ஒலியும் காட்சியும் பிரிந்து நிற்றல் ஒரு தொல்லையாகவே இருந்தது. 35 மில்லிமீட்டர்ப் பிரதியில் ஒலித்தடம் தனக்குரிய படச்சட்டத்தின் பக்கத்தில் இராது, சுமார் 20 சட்டங்கள் முன்னே இருக்கும். 16 மில்லிமீட்டரில் இவ்விடைவெளி 26 சட்டங்கள். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுமாதலின், அத்தகைய பிரதியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் காட்சி ஓரிடத்திலும் ஒலி மற்றோரிடத்திலும் அறுபட்டுப்போம். இத்தொல்லையினின்று தப்பவே தொகுப்பாளர் ஒலியைத் தனிச்சுருளில் வைத்து வேலை செய்தனர். அங்ஙனம் தனியே வைத்தபின், இரண்டையும் வெவ்வேறிடத்தில் வெட்டினால் என்ன என்னும் எண்ணம் பிறந்தது இயல்பே. பிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த 'எம்' என்னும் ஜெர்மானியப் படத்தில், பள்ளியினின்று திரும்பாத மகளைத் தாய் பெயர் சொல்லி அழைக்கின்றாள். அக்குரல் மட்டும் தொடர, ஆளற்ற மாடிப்படியும், துணி உலர்த்தும் பரணும், உண்பாரற்ற தட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. கொலை காட்டப்படவில்லை, காட்டவேண்டுவதும் இல்லை. ஹிட்ச்காக் 1935-இல் எடுத்த 'தி தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' படத்தில், பிணத்தைக் கண்ட வேலைக்காரி வாய் திறந்து அலறுங்கால் நம் செவியில் விழுவது புகைவண்டியின் ஊதல். மறுகணம் குகையினின்று வண்டி வெளிப்படுகின்றது. தொண்ணூறாண்டு சென்ற பின்னும் இவற்றைக் காண்பார் உடல் சிலிர்க்கின்றது.

இனிச் செயன்முறை. முதலில் எல்லா வெட்டுகளையும் நேராகவே வெட்டி, உரையாடலைக் கண்ணை மூடிக்கொண்டு செவியாற் கேட்டுச் செப்பம் செய்தல் வேண்டும். பேச்சின் நடை அமைந்த பின்னரே காட்சியிற் கை வைத்தல் முறை. காட்சியையும் ஒலியையும் பிணைத்திருக்கும் கட்டினைத் தற்காலிகமாக நீக்கி, காட்சி வெட்டினை மட்டும் முன்னோ பின்னோ நகர்த்துக. பிரீமியரிலும் டாவின்சி ரிசால்விலும் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் இது கூடும். ஃபைனல் கட்டில் ஒலியை விரித்துக் காட்டும் வசதியுண்டு. ஈண்டு மாணவர் பெரும்பாலும் இடறுவது ஒன்றுண்டு. வெட்டினை உருட்டுதல் வேறு, துண்டினை நீட்டிப் பின்னுள்ளவற்றைத் தள்ளுதல் வேறு. உருட்டினால் ஒரு பக்கம் கூடும் அளவே மறுபக்கம் குறையும். பின்வருவன யாவும் தத்தம் நிலையில் நிற்கும். தள்ளினாலோ, அதன் பின்னுள்ள காட்சியெல்லாம் தன் ஒலியினின்று விலகி, வாயசைவு ஒன்றும் சொல் ஒன்றுமாகப் போம். உரையாடலுக்கு எட்டுச் சட்டம் முதற் பன்னிரண்டு சட்டம்வரை நகர்த்தினாற் பெரும்பாலும் போதுமென்பது எம் அபிப்பிராயம். துயரமோ ஐயமோ மிக்க இடத்தில் ஒரு வாக்கியம் முழுவதையுமே கேட்பவர் முகத்தின்மேல் ஓடவிடலாம்.

ஆனால் இவையெல்லாம் கைகூட வேண்டுமாயின், படம் எடுக்கும்போதே அதற்கு வித்திட்டிருத்தல் வேண்டும். பேசுபவர் வாய் மூடியவுடன் காமிராவை நிறுத்திவிடுவாருக்கு நகர்த்துதற்கு மிச்சம் ஏது? வசனம் முடிந்தபின்னும் ஐந்து விநாடி ஓடவிடுக. கேட்பவர் முகத்தை முழு உரையாடலுக்கும் தனியே ஒருமுறை எடுத்துவைக்க. புறப்படுமுன் அனைவரையும் வாய் மூடியிருக்கச் செய்து, அவ்வறையின் வெற்று ஒலியை அரை நிமிடம் பதிவு செய்க. மின்விசிறியின் இரைச்சல் ஒரு வெட்டில் இருந்து மறு வெட்டில் இல்லாதொழியின், எத்துணை நுட்பமான பிளவும் அம்பலமாகும்.

எங்கும் இதனையே கையாளுவாரும் உளர். அது பிறிதொரு நோய். கதவு அறைந்து சாத்தப்படுமிடத்தும், ஒருவன் மற்றொருவன் பேச்சை அறுத்து எழுமிடத்தும் நேர்வெட்டே தக்கது.

இதுகாறும் கூறியது கலைபற்றியது. இதனினும் பெரியதொன்று உண்டு; இக்கட்டுரை எழுதப் புகுந்ததும் அதுபற்றியே. கற்பனைக் கதையில் நடிகன் சொல்லை எவர் முகத்தின்மேல் வைப்பினும் கேடில்லை. உயிரோடிருக்கும் ஒருவரைச் செவ்வி கண்டு ஆவணப்படம் எடுக்குங்கால் அங்ஙனமன்று. முதியவர் ஒருவர் தம் வாழ்வைச் சொல்லுகின்றார், இடையிற் காட்சி அவர் முகத்தைவிட்டு அவருடைய வயலுக்கோ பழைய புகைப்படத்துக்கோ செல்லுகின்றது, குரல் தொடருகின்றது. அக்குரல் உண்மையில் தொடர்ந்ததா? முகம் திரையிலிருந்தால், நடுவே மூன்று வாக்கியங்களை நீக்கியது குதித்துத் தெரியும். முகத்தை மறைத்துவிட்டால் நீக்கியதும், முன்பின்னாக மாற்றியதும், "அக்காலத்தில்" என்னும் ஒரு சொல்லைக் கழற்றியதும் எவருக்கும் தெரியா. எல் கட்டின் அழகே அதன் அபாயமும் ஆகின்றது.

இது வீண் அச்சமன்று. 1987-இல் வெளிவந்த 'பிராட்காஸ்ட் நியூஸ்' என்னும் அமெரிக்கப் படத்தில், துயருற்ற பெண்ணொருத்தியைச் செவ்வி காணும் நிருபன் கண்ணீர் விடுவதாகக் காட்டப்படுகின்றது. அன்று உடனிருந்தது ஒரே காமிரா என்பதும், அக்கண்ணீர் பின்னர் எடுத்து ஒட்டப்பட்டது என்பதும் பிறகு வெளியாகின்றன. அது கதை. 2007-இல் எலிசபெத் அரசியாரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முன்னோட்டத்தைப் பிபிசி பத்திரிகையாளருக்குக் காட்டியபோது, புகைப்படம் எடுக்குமிடத்துக்கு அரசியார் செல்லுங்கால் எடுத்த துண்டு, அவர் சினந்து வெளியேறியதுபோலத் தோன்றுமாறு பின்னே வைக்கப்பட்டிருந்தது. பிபிசி மன்னிப்புக் கேட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பிபிசி ஒன் அலைவரிசையின் தலைவர் பதவி துறந்தார். பிரிட்டனின் ஃபைவ் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவு, நிருபர் தலையசைக்கும் ஒட்டுக்காட்சிகளை இனி வழங்குவதில்லையென அவ்வாண்டிலேயே அறிவித்தது.

அத்தகைய முழுத் தடையை யாம் வேண்டவில்லை. ஒரு மணி நேரப் பேச்சைப் பத்து நிமிடமாகச் சுருக்காது படமே இல்லை, சுருக்குதல் பொய்யாகாது. எல்லா வெட்டும் தேர்வுதானே, பின் எல்லை எங்கே என வினவுவாருக்கு யாம் கூறும் விடை இது: பேசியவரைப் பக்கத்தில் இருத்திப் படத்தை ஓட்டிக் காட்டுக. "குறைத்துவிட்டீர்கள்" என்று அவர் சொல்லலாம்; "நான் இப்படிச் சொல்லவில்லையே" என்று சொல்வாராயின் அவ்வெட்டு விலக்கற்பாலது. நீக்கிய இடத்தை மறைக்காது, அரை விநாடி கருந்திரையோ ஒரு மௌனமோ விட்டுச் செல்லும் ஆவணப்படத்தார் உளர். அஃது அழகைச் சிறிது கெடுக்கின்றது; எனினும் அவ்வழக்கத்தை யாம் மதிக்கின்றோம்.

நம் கல்லூரியின் குறும்படப் போட்டிகளை நடத்துவாருக்கு ஒரு விண்ணப்பம். உண்மை மனிதரைப் பற்றிய படமாயின், முடிந்த படத்தோடு வெட்டப்படாத மூலப் பதிவையும் கேட்டு வாங்குக. நடுவர் அதனை முழுதும் கேட்க வேண்டுவதில்லை. ஐயம் எழுமிடத்தில் ஒத்துப் பார்த்தாற் போதும். பேசியவரோ அவர் மக்களோ பின்னொருநாள் வந்து கேட்பின் எடுத்துக் கொடுக்கும்படி, அப்பதிவுகளை நூலகத்தார் ஆண்டுவாரியாகப் பெயரிட்டுக் காத்துவைக்கலாம்; ஒரு சிறு வன்தட்டின் விலைக்குமேற் செலவாகாது.